ஓப்பன் சோர்ஸ் போன் செய்வது ஏன் இவ்வளவு கடினம்? – வாசகர் கேள்வி பதில்

லினக்ஸ் போன்கள், ஓப்பன் சோர்ஸ் மொபைல் இயங்குதளங்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, சிலவற்றைச் சுருக்கி இங்கே தருகிறோம்.

ஆண்ட்ராய்டே ஓப்பன் சோர்ஸ்தான் என்கிறார்கள். அப்படியிருக்க, தனியாக இன்னொன்று எதற்கு?
– கல்லூரி மாணவி, கோவை

ஆண்ட்ராய்டின் அடித்தளமான ஏஓஎஸ்பி ஓப்பன் சோர்ஸ்தான். யார் வேண்டுமானாலும் இறக்கி, மாற்றி, தன் பெயரில் வெளியிடலாம். ஆனால் உங்கள் போனில் ஓடுவது அது மட்டும் அல்ல. பிளே ஸ்டோரும், நோட்டிஃபிகேஷன்களைக் கொண்டுவந்து சேர்க்கும் பிளே சர்வீசஸும் கூகுளின் மூடிய மென்பொருள்கள். அவற்றுக்கும் கீழே கேமரா, கிராபிக்ஸ், வைஃபை, மொபைல் நெட்வொர்க்கோடு பேசும் மோடம் ஆகியவற்றை இயக்கும் ஃபைல்களைச் சிப் தயாரித்த நிறுவனம் மூலநிரல் இல்லாமல் கொடுத்திருக்கிறது.

இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் லினக்ஸ் என்பதால், ஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமப்படி அதன் மூலநிரலை நிறுவனம் தந்தே ஆக வேண்டும். தருகிறார்கள். ஆனால் அது பல ஆண்டுகளுக்கு முன்பே பிரித்தெடுத்து, சிப் நிறுவனத்தின் மாற்றங்களை மேலே மேலே ஒட்டிய ஒரு நகல். 2018-இல் வந்த போக்கோ எஃப்1 போனில் இருந்தது 4.9 கெர்னல், அது வெளியானது 2016 டிசம்பரில். சிப் நிறுவனம் கைவிட்டதும் போனும் அந்தக் கெர்னலோடு நின்றுவிடும். 2015-இல் வந்த ஃபேர்போன் 2-இன் கதை இதற்கு நல்ல சாட்சி. அதிலிருந்த ஸ்னாப்டிராகன் 801 சிப்புக்கு ஆண்ட்ராய்டு 6-க்குப் பிறகு குவால்காம் ஆதரவு தரவில்லை. ஃபேர்போன் குழு தானே உழைத்து அதை ஆண்ட்ராய்டு 10 வரை கொண்டுபோய், 2023 மார்ச் வரை பாதுகாப்பு அப்டேட் கொடுத்தது. ஒரு சின்ன நிறுவனத்துக்கு இது எவ்வளவு பெரிய சுமை என்பதை யோசித்துப் பாருங்கள்.

இதற்கு நிரந்தர வழி, அந்த வன்பொருளை இயக்கும் நிரல்களான டிரைவர்களை, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிடும் மூலக் கெர்னலிலேயே, அதாவது ‘மெயின்லைனில்’, சேர்த்துவிடுவது. அதில் சேர்ந்துவிட்டால் அடுத்தடுத்த கெர்னல்களோடு அந்தப் போனும் நகரும். 2017-இல் தொடங்கிய, போன்களுக்கான லினக்ஸ் இயங்குதளமான போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் திட்டம் ஒரு போனுக்கு 10 ஆண்டு ஆயுள் என்று இலக்கு வைத்ததன் அடிப்படை இதுதான். இந்தப் பகுதியில் எந்தக் கேள்வியைத் தொட்டாலும் பதில் சுற்றி இங்கேதான் வந்து நிற்கும்.

ஓப்பன்மோக்கோ என்ற போன் அந்தக் காலத்திலேயே வந்ததாமே? ஏன் நின்றுபோனது?
– மின்னணுப் பழுதுபார்ப்பவர், மதுரை

தைவானின் எஃப்ஐசி நிறுவனத்தில் பிறந்த திட்டம் அது. 2007-இல் நியோ 1973, 2008-இல் நியோ ஃப்ரீரன்னர் என இரண்டு போன்கள் வந்தன. ஃப்ரீரன்னரின் விலை 399 டாலர். 400 மெகாஹெர்ட்ஸ் சாம்சங் சிப், 480க்கு 640 பிக்சல் திரை, 1200 எம்ஏஎச் பேட்டரி. உறையின் வடிவமைப்புக் கோப்புகளைக்கூட வெளியிட்டார்கள். நீங்கள் பழுதுபார்ப்பவர் என்பதால், அதன் மின்சுற்றுப் பலகையில் என்னென்ன நடந்தது என்பதை விரிவாகவே சொல்கிறோம்.

முதலாவது, பேசும்போது எதிர்முனையில் கேட்ட இரைச்சல். ஜிஎஸ்எம் மோடம் விநாடிக்கு சுமார் 217 தடவை விட்டுவிட்டு அலை அனுப்பும். அந்தத் துடிப்பு மைக்குக்குச் செல்லும் மின்பாதையில் ஏறிவிட்டால் ‘டிர்ர்ர்’ என்ற ஓசையாகக் கேட்கும். ஏ5, ஏ6 பதிப்புப் பலகைகளில் இது இருந்தது. மைக்கின் மின்பாதையில் பெரிய மின்தேக்கி ஒன்றைச் சேர்த்தால் சரியாகிவிடும். ஆனால் போன் ஏற்கெனவே வாடிக்கையாளர் கையில்! ஆர்வலர்கள் ஒன்றுகூடி ஒருவர் போனை மற்றவர் சாலிடர் செய்துகொண்டார்கள்.

இரண்டாவது, ஜிபிஎஸ் செயற்கைக்கோளைப் பிடிக்கவே பிடிக்காது. மைக்ரோ எஸ்டி கார்டைக் கழற்றினால் உடனே பிடிக்கும். கார்டுக்குப் போகும் கடிகாரத் துடிப்பின் மேல் அதிர்வெண்கள் ஜிபிஎஸ் ஆன்டெனாவுக்குள் நுழைந்ததே காரணம். கார்டு சும்மா இருக்கும்போது கடிகாரத்தை நிறுத்துமாறு கெர்னலை மாற்றினார்கள். வன்பொருள் பக்கம் 10 பைக்கோஃபாரட் மின்தேக்கி ஒன்று போதுமானதாக இருந்தது.

மூன்றாவதுதான் பேட்டரியைத் தின்றது. 1024 என்ற பதிவெண்ணாலேயே பிரபலமான பிழை அது: மோடம் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போனால் நெட்வொர்க்கை இழந்து, திரும்பத் திரும்பப் பதிவு செய்துகொண்டே இருக்கும். மென்பொருளில் ஒரே வழி, மோடத்தை ஆழ்ந்து தூங்கவே விடாமல் தடுப்பது. விளைவு, 1200 எம்ஏஎச் பேட்டரி நாள் முழுக்கத் தாங்கவில்லை. கடைசியில் இதற்கும் தீர்வு ஒரு மின்தேக்கியை மாற்றுவதுதான்.

கவனியுங்கள், மூன்று கோளாறுக்கும் மருந்து சில பைசா மதிப்புள்ள உதிரிபாகம். பெரிய நிறுவனங்கள் இத்தகைய தவறுகளை அடுத்தடுத்த மாதிரிப் பலகைகளில் கண்டுபிடித்துத் திருத்திய பிறகே சந்தைக்கு வருகின்றன. கையில் பணம் குறைந்த திட்டத்துக்கு ஒவ்வொரு மறுபதிப்பும் பல மாதத் தாமதம். இதற்கு நடுவே திரை இடைமுகத்துக்கான அடித்தள மென்பொருளையும் ஜிடிகே, க்யூடோப்பியா, மறுபடியும் வேறொன்று என்று அடிக்கடி அடியோடு மாற்றினார்கள். செயலி எழுத வந்தவர்களுக்குக் காலூன்ற இடமே இல்லை. 2009-இல் அடுத்த போனுக்கான வேலையை நிறுத்திவிட்டார்கள். எங்கள் பார்வையில், இரைச்சலைவிட அதிகம் சேதம் செய்தது இந்த மாற்றங்கள்தான்.

மோடத்தின் மென்பொருளை நாமே எழுதிவிட முடியாதா?
– மென்பொருள் பொறியாளர், ஓசூர்

2ஜிக்கு எழுதிக் காட்டியிருக்கிறார்கள். 2010-இல் தொடங்கிய ஆஸ்மோகாம்பிபி, பழைய கேலிப்சோ மோடத்துக்கான திறந்த ஃபர்ம்வேர், அதாவது சிப்புக்குள்ளேயே ஓடும் மென்பொருள். ஆய்வுக்கூடத்துக்கு அருமையான கருவி. 4ஜி, 5ஜிக்கு வந்தால் நிலைமை வேறு. தரநிலைகளே ஆயிரக்கணக்கான பக்கங்கள். காப்புரிமைகள் அடர்ந்த காடு. மோடம் ஃபர்ம்வேரில் ஒரு வரி மாறினாலும் அலைவரிசைச் சான்றிதழ் கேள்விக்குள்ளாகும். மோடச் சிப்கள் கையொப்பமிட்ட ஃபர்ம்வேரை மட்டுமே ஏற்கும்படி பூட்டியும் இருக்கும்.

அதனால் இன்றைய திட்டங்கள் மோடத்தைத் திறப்பதற்குப் பதில் ஒதுக்கி வைக்கின்றன. சாதாரண போனில் மோடமும் முதன்மைச் செயலியும் பெரும்பாலும் ஒரே சிப்பில் இருக்கும். ப்யூரிசம் நிறுவனத்தின் லினக்ஸ் போனான லிப்ரெம் 5-இல் மோடம் தனியாகக் கழற்றக்கூடிய எம்.2 வகை அட்டை, பைன்64 நிறுவனத்தின் லினக்ஸ் போனான பைன்போனில் க்வெக்டெல் இஜி25-ஜி என்ற தனி மாட்யூல். இரண்டும் முக்கியமாக யூஎஸ்பி வழியாகவே செயலியோடு பேசும். உங்கள் நினைவகத்தை நேரடியாகத் தொட முடியாது. லிப்ரெமின் பக்கவாட்டில் 3 ஸ்விட்சுகள், பைன்போனில் பின்மூடியைத் திறந்தால் 6 குட்டி ஸ்விட்சுகள். மோடத்துக்கான ஸ்விட்சைத் தள்ளினால் மோடம் செயலிழந்துவிடும். மென்பொருளை நம்ப வேண்டியதில்லை.

ஒரு சுவையான செய்தி: இஜி25-ஜி மாட்யூலுக்குள்ளேயே தனியாக ஒரு லினக்ஸ் ஓடுகிறது. அந்த லினக்ஸ் பகுதியை மட்டும் ஆர்வலர்கள் திறந்த மென்பொருளாக மாற்றி எழுதிவிட்டார்கள். அலையைக் கையாளும் உள்பகுதி இன்றும் மூடியதே.

எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மோடத்தோடு விளையாடும்போது, போனின் தனி அடையாளமான ஐஎம்இஐ எண்ணை மாற்றும் கட்டளைகள் கண்ணில் படும். கை வைக்காதீர்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி இந்தியாவில் அது 3 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

பைன்போனில் ஜியோ சிம் போட்டால் டேட்டா வருகிறது, அழைப்பு போகவில்லை. ஏன்?
– ஈரோடு

ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. குரலும் டேட்டாவாகவே போக வேண்டும், அதுதான் வோல்ட்டி. அதற்கு மோடத்தில், குரலை டேட்டா வழியே கடத்தும் ஐஎம்எஸ் என்ற அமைப்பு இயங்க வேண்டும், தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குப் பொருத்தமான அமைப்புக் கோப்பும் தேர்வாகியிருக்க வேண்டும். இஜி25-ஜியில் பல நிறுவனங்களுக்கான கோப்புகள் உள்ளேயே இருக்கும். மோடத்தின் கட்டளைமுனையில் அந்தப் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். தானாகத் தேர்வது தவறாக இருந்தால், தானியங்கித் தேர்வை நிறுத்தி, பொருத்தமானதையோ பொதுவான வோல்ட்டி கோப்பையோ நீங்களே தேர்ந்தெடுங்கள். பிறகு ஐஎம்எஸ்ஸை இயக்கத்தில் வைத்து, மோடத்தை முழுதாக மறுதொடக்கம் செய்யுங்கள். போனை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் போதாது. டேட்டாவுக்கான ஏபிஎன் பெயரையும் சரிபாருங்கள்.

இரவு முழு சார்ஜ் போட்டு வைத்தாலும் காலையில் பேட்டரி காலி. சஸ்பெண்ட் என்ற உறக்கநிலையை இயக்கினால் அழைப்புகள் தவறுகின்றன. என்ன செய்வது?
– பைன்போன் பயனர், புதுச்சேரி

கணக்கைப் பார்ப்போம். 3000 எம்ஏஎச் பேட்டரி, 3.8 வோல்ட் என்றால் சுமார் 11.4 வாட்-மணி. திரை அணைந்தும் செயலி விழித்திருந்து 1.2 வாட் இழுத்தால் ஒன்பதரை மணி நேரத்தில் காலி. அதையே 0.15 வாட்டுக்கு இறக்கினால் 76 மணி நேரம் தாங்கும். ஆகவே உறங்கியே தீர வேண்டும். ஆண்ட்ராய்டு போன்களில் இதற்கான நுணுக்கங்களைச் சிப் நிறுவனமே தன் மூடிய ஃபர்ம்வேரில் செய்து கொடுத்துவிடும். பைன்போனின் ஆல்வின்னர் ஏ64 சிப்பில் ஒரு சின்னத் துணைச்செயலி இருக்கிறது. அதில் ஓடும் க்ரஸ்ட் என்ற திறந்த ஃபர்ம்வேர்தான், முதன்மைச் செயலியும் நினைவகமும் தூங்கும்போது காவல் இருக்கிறது. முதலில் உங்கள் போனில் க்ரஸ்ட் உள்ள பூட்லோடர் (போனைத் தொடங்கிவைக்கும் நிரல்) இருக்கிறதா என்று பாருங்கள்.

அழைப்பு தவறுவதன் காரணம் பெரும்பாலும் இப்படி: அழைப்பு வந்ததும் மோடம் தனிக் கம்பி ஒன்றின் வழியே செயலியைத் தட்டி எழுப்பும். செயலி விழிக்கும்போது யூஎஸ்பி இணைப்பு அறுந்து, மோடம் புதிதாகச் செருகப்பட்டதுபோல் தெரியும். மோடத்தை நிர்வகிக்கும் மோடம் மேனேஜர் என்ற மென்பொருள் அதை ஆரம்பத்திலிருந்து அடையாளம் காணத் தொடங்கும். அது முடிவதற்குள் எதிர்முனையில் இருப்பவர் வைத்துவிடுவார். விழித்த கணத்தின் கெர்னல் பதிவில் மோடத்தின் யூஎஸ்பி துண்டிப்பும் புதிய இணைப்பும் அடுத்தடுத்துத் தெரிந்தால் உங்கள் போனிலும் இதுதான். பைன்போன் மோடத்துக்கான இஜி25 மேனேஜர், மோடம் மேனேஜர் இரண்டையும் புதிய பதிப்புக்கு மாற்றுங்கள். இந்தக் குறைக்கான திருத்தங்கள் அவற்றில் படிப்படியாக வந்திருக்கின்றன.

சஸ்பெண்டே ஆகவில்லை என்றால், கெர்னலின் சஸ்பெண்ட் புள்ளிவிவரத்தைப் பாருங்கள். எத்தனை தடவை வெற்றி, எத்தனை தடவை தோல்வி, கடைசியாகத் தடுத்த சாதனம் எது என்பது பெயரோடு இருக்கும்.

பழைய போக்கோ எஃப்1 சும்மா கிடக்கிறது. லினக்ஸ் போட்டுப் பார்க்க முடியுமா?
– பாலிடெக்னிக் ஆசிரியர், திருநெல்வேலி

தாராளமாக. ஸ்னாப்டிராகன் 845 சிப் மெயின்லைனில் நன்றாக இயங்குகிறது. அதே சிப் உள்ள ஒன்பிளஸ் 6, 6டி இரண்டும் இன்னும் வசதி. பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

பூட்லோடரைத் திறக்க ஷாவ்மி கணக்கோடு போனை இணைத்து, பெரும்பாலும் 168 மணி நேரம் காத்திருக்க வேண்டும். திறந்ததும் போனிலுள்ள எல்லாமே அழியும். அடுத்து ஒரு ரெக்கவரி மென்பொருளை ஏற்றி, பெர்சிஸ்ட், மோடம்எஸ்டி1, மோடம்எஸ்டி2, எஃப்எஸ்ஜி ஆகிய பகிர்வுகளை (சேமிப்பகப் பிரிவுகளை) நகலெடுத்துக் கணினியில் வையுங்கள். பலர் தவிர்க்கும் படி இது. சென்சார் அளவீடும் மோடத்தின் அளவீடும் ஐஎம்இஐ விவரமும் இவற்றில்தான் இருக்கின்றன. போனால் திரும்பக் கிடைக்காது.

இந்தப் போனில் டியான்மா, ஈபிபிஜி என்று இரண்டு வகைத் திரை உண்டு. வெளியில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ரெக்கவரியின் டெர்மினலில் கெர்னலின் தொடக்கக் கட்டளை வரியைப் படித்தால் எந்தப் பெயர் என்று தெரியும். தவறான வகைக்கான இமேஜை (இயங்குதளக் கோப்பை) போட்டால் போன் பூட் ஆகும், திரை கறுப்பாகவே இருக்கும்.

பிறகு, கணினியிலிருந்து இமேஜ்களை எழுத உதவும் ஃபாஸ்ட்பூட்டில் நுழைந்து (ஒலி குறைக்கும் பட்டனும் பவர் பட்டனும் சேர்த்து), டிடிபிஓ பகிர்வை அழியுங்கள். ஆண்ட்ராய்டுக்கான சாதன வரைபடத் திருத்தங்கள் அதில் இருக்கின்றன (போனில் என்ன வன்பொருள் எங்கே என்று கெர்னலுக்குச் சொல்வதே சாதன வரைபடம்). விட்டுவைத்தால் பூட்லோடர் அவற்றை மெயின்லைன் வரைபடத்தின்மேல் ஒட்டி, பூட் ஆகாமல் செய்துவிடும். அடுத்து போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் ரூட் இமேஜை யூசர்டேட்டா பகிர்விலும், கெர்னல் இமேஜை பூட் பகிர்விலும் எழுதி ரீஸ்டார்ட் செய்யுங்கள். தயார் இமேஜில் முதல் கடவுச்சொல் 147147. ஃபாஸ்ட்பூட் பாதியில் நின்றால் கேபிளையும், யூஎஸ்பி 3 போர்ட்டுக்குப் பதில் யூஎஸ்பி 2 போர்ட்டையும் முயலுங்கள். திரை வராவிட்டாலும் கேபிளில் இணைத்து 172.16.42.1 என்ற முகவரிக்கு எஸ்எஸ்ஹெச் என்ற தொலைநுழைவு வழியே நுழைய முயலலாம்; பதில் வந்தால் போன் உயிரோடு இருக்கிறது, சிக்கல் திரையில் மட்டும்தான். கேமராவை எதிர்பார்த்து இதில் இறங்க வேண்டாம்.

இந்தப் போன்களில் தமிழ் எழுத முடியுமா?
– தஞ்சாவூர்

படிப்பது எளிது. கட்டம் கட்டமாகத் தெரிந்தால் நோட்டோ தமிழ் எழுத்துருப் பொதியை நிறுவினால் போதும். எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் வேலையை ஹார்ஃப்பஸ் என்ற நிரல் சரியாகச் செய்துவிடும்.

எழுதுவதில்தான் குறை. ஃபாஷ் இடைமுகத்தின் ஸ்க்வீக்போர்டு திரைவிசைப்பலகைக்கு, விசை அமைப்பை யாம்ல் வடிவ உரைக்கோப்பாக நீங்களே எழுதிச் சேர்க்கலாம். மெய்க்கு ஒரு விசை, உயிர்க்குறிக்கு ஒரு விசை என்ற இன்ஸ்கிரிப்ட் முறைக்கு இது போதும்; க்ஷ போன்றவற்றுக்குத் தனி விசை வைக்கலாம். தமிழ்99 அப்படி அல்ல. ‘க’ இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழ வேண்டும், மெய்யை அடுத்து வரும் உயிர் குறியாக மாற வேண்டும். முன்னால் என்ன தட்டப்பட்டது என்று பார்க்கும் அறிவு ஸ்க்வீக்போர்டுக்கு இல்லை. ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளைக் கூடவே ஓட்டலாம் என்றால், திரையை நிர்வகிக்கும் வேலண்ட் அமைப்பில் ஒரு நேரத்தில் ஒரு உள்ளீட்டு முறைக்குத்தான் இடம். தமிழ் தெரிந்த நிரலாளர் யாராவது இதை எடுத்துச் செய்தால் பெரிய உதவி. தமிழ்நாட்டுக்கு வெளியே யாரும் நமக்காக இதைச் செய்ய மாட்டார்கள்.

யூபிஐ, வங்கிச் செயலிகள் ஓடுமா? சென்னை ஐஐடியின் பரோஸ் இதற்குத் தீர்வா?
– வணிகர், விருதுநகர்

லினக்ஸ் போனில் வேய்டிராய்டு என்ற மென்பொருள் மூலம் ஆண்ட்ராய்டு செயலிகளை ஓட்டலாம். ஆனால் யூபிஐ செயலி உங்கள் சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பிச் சரிபார்க்கும். வேய்டிராய்டுக்குச் சிம்மோடு தொடர்பு இல்லை. கூகுள் சான்றளித்த போனா என்ற சோதனையிலும் பல வங்கிச் செயலிகள் நின்றுவிடும். வணிகம் செய்பவர் என்பதால் சொல்கிறோம், பணத்துக்குத் தனிப் போன் வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு, சாதாரண அழைப்பு மூலம் பணம் அனுப்பும் யூபிஐ 123பே இருக்கிறது.

பரோஸ் என்ற மொபைல் இயங்குதளம் 2023 ஜனவரியில் அறிமுகமானது. சென்னை ஐஐடியின் பிரவர்த்தக் அமைப்பில் வளர்ந்த நிறுவனம் உருவாக்கியது, அடித்தளம் ஏஓஎஸ்பி. முன்கூட்டியே செயலிகளைத் திணிக்காதது அதன் சிறப்பு. ரகசியம் காக்க வேண்டிய அமைப்புகளை மனதில் வைத்துச் செய்தது. கீழே உள்ள சிப், மோட ஃபர்ம்வேர் சிக்கல் அதற்கும் பொதுவானதே.

நாங்கள் நான்கு பொறியாளர்கள். சின்ன அளவில் ஓப்பன் சோர்ஸ் போன் தயாரிக்க எண்ணம். எங்கே தொடங்குவது?
– சென்னை

சிப் தேர்வில். வேகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். மெயின்லைனில் எவ்வளவு ஆதரவு, எத்தனை ஆண்டு கிடைக்கும் என்ற இரண்டையும் பாருங்கள். பைன்64 நிறுவனம் 149 டாலர் போனுக்கு ஏ64 என்ற பழைய சிப்பை எடுத்ததற்குக் காரணம், ஆல்வின்னர் சிப்களுக்கு லினக்ஸ் எழுதும் லினக்ஸ்-சன்க்ஸி ஆர்வலர்கள் ஏற்கெனவே அதை மெயின்லைனில் ஏற்றிவைத்திருந்தார்கள் என்பதே. ப்யூரிசம் நிறுவனம் லிப்ரெம் 5-க்கு என்எக்ஸ்பியின் ஐ.எம்எக்ஸ் 8எம் சிப்பை எடுத்தது. அதன் கிராபிக்ஸுக்கு எட்னாவிவ் என்ற திறந்த டிரைவர் இருந்தது, என்எக்ஸ்பியும் நீண்டகாலம் சிப் தருவதாக உறுதி கூறுகிறது. அது போனுக்காகச் செய்த சிப் அல்ல. அதனால் சூட்டோடும் மின்செலவோடும் நீண்ட காலம் போராட வேண்டியிருந்தது. நினைவகத்தைத் தயார்செய்யும் சின்ன மூடிய ஃபர்ம்வேரைக்கூட ஒரு தனி ஃபிளாஷ் சிப்பில் ஒதுக்கி வைத்தார்கள்.

கால அட்டவணையையும் ப்யூரிசத்திடமிருந்தே கற்கலாம். 2017-இல் பொதுமக்களிடம் 20 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். போன் தருவதாகச் சொன்னது 2019 ஜனவரி. பெருமளவு உற்பத்திக்கான எவர்கிரீன் பதிப்பு அனுப்பத் தொடங்கியது 2020 நவம்பர்.

செயலியையும் நினைவகத்தையும் இணைக்கும் தடங்களை நீங்களே வரையாதீர்கள். அவை ஏற்கெனவே பொருத்தப்பட்ட மாட்யூலை வாங்கி, அதைத் தாங்கும் பலகையை மட்டும் வடிவமையுங்கள். மோடமும் சான்றிதழ் பெற்ற மாட்யூலாக இருக்கட்டும். இருந்தாலும் ஆன்டெனா உங்களுடையது; உறை, பேட்டரி, கை பிடிக்கும் இடம் எல்லாம் அதைப் பாதிக்கும் என்பதால், முழுப் போனையும் சோதனைக்கூடத்தில் அளந்தாக வேண்டும். உடல் உறிஞ்சும் அலைச்சக்தியின் அளவான எஸ்ஏஆருக்கு இந்தியாவில் வரம்பு 1 கிராம் திசுவுக்குக் கணக்கிட்டுக் கிலோவுக்கு 1.6 வாட். விற்க வேண்டுமென்றால் போனுக்கும் பேட்டரிக்கும் பிஐஎஸ் (இந்தியத் தரநிலைகள் அமைப்பு) பதிவு, மொபைல் நிறுவனங்களின் சங்கமான ஜிஎஸ்எம்ஏவிடமிருந்து ஐஎம்இஐயின் முதல் 8 இலக்கங்கள், ஒவ்வொரு ஐஎம்இஐயையும் அரசின் ஐசிடிஆர் தளத்தில் பதிவுசெய்தல், அவசர உதவிப் பட்டன் ஆகியவை கட்டாயம்.

திரை வாங்கும்போது, அதே மாதிரி இன்னும் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். நடுவில் நின்றுபோனால் புதிய திரைக்கு டிரைவர், இணைப்பான், சில சமயம் உறை அச்சு வரை எல்லாமே மாறும். யூஎஸ்பி-சி போர்ட்டை முதல் மாதிரிப் பலகையிலேயே டாக், மானிட்டர், சார்ஜர் என்று எல்லாவற்றோடும் சோதியுங்கள். பைன்போனின் தொடக்கப் பலகைகளில் இந்தப் போர்ட்டில் கேபிளுக்கு மின்சாரம் தரும் விகான் இணைப்பில் இருந்த ஒரு பிழையால் டாக் வேலை செய்யவில்லை, 1.2ஏ பலகையில்தான் சரியானது. அந்தப் போனின் மின்சுற்று வரைபடத்தைப் பைன்64 வெளியிட்டிருக்கிறது. நீங்கள் நால்வரும் முதல் வேலையாக அதை அச்சிட்டு, மின்சாரம் வழங்கும் பக்கத்திலிருந்து ஒவ்வொரு கோடாகப் படித்துப் பாருங்கள்.